அந்தோனியோ விவால்டி

அந்தோனியோ லூச்சியோ விவால்டி (மார்ச் 4, 1678 – ஜூலை 28, 1741) இத்தாலியின் வெனிஸ் நகரைச் சேர்ந்த இசையமைப்பாளரும், வயலின் கலைஞரும், கத்தோலிக்கக் குருவும் ஆவார். ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையான காலம் பரோக் காலம் எனப்படுகிறது. அக்காலத்தின் இறுதிப் பகுதியில் வாழ்ந்த முதன்மையான இசையமைப்பாளர்களுள் இவரும் ஒருவர். தனிக் கருவி ஒன்றும் இசைக்குழுவும் மாறி மாறி இசைக்கும் கான்செர்ட்டோ என்னும் இசை வடிவத்தை ஒழுங்குபடுத்தி நிலைபெறச் செய்தவர் என்ற பெருமை இவருக்கு உண்டு. இவர் 500க்கும் மேற்பட்ட கான்செர்ட்டோக்களையும், ஏராளமான ஓப்பராக்களையும், தேவாலய இசைப் படைப்புகளையும் இயற்றியுள்ளார். இவற்றுள் "நான்கு பருவங்கள்" என்று பொதுவாக அழைக்கப்படும் நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள் உலகெங்கும் அறியப்பட்டவை.

இவ்வளவு புகழ்பெற்ற விவால்டியின் இசை, அவர் இறந்த பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. இன்று நாம் கேட்கும் அவரது படைப்புகளில் பெரும்பாலானவை 1926க்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தவை. எனவே அவரது வாழ்க்கையைப் போலவே அவரது கையெழுத்துப் படிகளின் கதையும் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

பிறப்பும் இளமையும்

விவால்டி பிறந்த நாளில் வெனிஸ் நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து உள்ளதாகக் கருதப்பட்டதால் மருத்துவச்சியே வீட்டில் உடனடியாகத் திருமுழுக்குக் கொடுத்தார். இதற்கான காரணம் நிலநடுக்கமா, குழந்தையின் பலவீனமா என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது. முறையான சடங்கு இரண்டு மாதங்களுக்குப் பின்னர், மே 6ஆம் நாள், பிரகோராவில் உள்ள புனித யோவான் தேவாலயத்தில் நடைபெற்றது.

தந்தை ஜியோவன்னி பட்டிஸ்டா முதலில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் வயலின் கலைஞராகி, 1685இல் வெனிஸின் புகழ்பெற்ற புனித மாற்கு பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றார். மகனுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவரும் இவரே என்று கருதப்படுகிறது. தலைமுடி செந்நிறமாக இருந்ததால் தந்தைக்கு "ரோஸ்ஸோ" (சிவப்பன்) என்ற பட்டப்பெயர் இருந்தது. மகனும் அதே நிறத்தைப் பெற்றிருந்தார். குருவான பிறகு அவர் "சிவப்புக் குருவானவர்" என்றே நகரெங்கும் அழைக்கப்பட்டார்.

1693இல், தமது பதினைந்தாவது வயதில், குருத்துவக் கல்வியைத் தொடங்கிய விவால்டி 1703 மார்ச்சில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். செல்வமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியும் சமூக மதிப்பும் கிடைக்க அக்காலத்தில் இருந்த வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஓராண்டு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான காலத்திற்குப் பின்னர் அவர் திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்திவிட்டார். பிறப்பிலிருந்தே தமக்கு "மார்பு இறுக்கம்" என்னும் நோய் இருந்ததாகவும், அதனால் மூன்று முறை திருப்பலியை முடிக்காமலே பீடத்தை விட்டு இறங்க நேர்ந்ததாகவும் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் விளக்கியுள்ளார். இது ஆஸ்துமாவாக இருந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. இந்த நோய் ஊர் ஊராகப் பயணம் செய்வதையோ, ஓப்பரா அரங்குகளை நிர்வகிப்பதையோ தடுக்கவில்லை என்பதை அவரது எதிரிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

பியெத்தா இல்லம்

1703 செப்டம்பரில் விவால்டி "ஒஸ்பெடாலே டெல்லா பியெத்தா" என்னும் நிறுவனத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். இடையில் சில முறிவுகள் ஏற்பட்டாலும், அவரது வாழ்நாளின் பெரும்பகுதி இந்நிறுவனத்துடன் தொடர்புடையதாகவே இருந்தது.

பியெத்தா ஓர் இசைப்பள்ளி அல்ல. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. வளர்க்க முடியாத குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவதற்கென அதன் சுவரில் சிறிய மாடம் போன்ற ஒரு திறப்பு இருந்தது. கைக்குழந்தை மட்டுமே நுழையக்கூடிய அளவுடையது. சில தாய்மார்கள் நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையுடன் வைத்துவிட்டு மறுபாதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வர். என்றாவது ஒருநாள் திரும்பி வந்து குழந்தையை அடையாளம் காட்டலாம் என்பது அவர்களது நம்பிக்கை. அத்தகைய அரை நாணயங்கள் சில வெனிஸில் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன.

ஆண் குழந்தைகள் ஏதேனும் ஒரு தொழிலைக் கற்று இளவயதிலேயே வெளியேறினர். பெண்கள் திருமணம் செய்துகொள்ளும் வரை, அல்லது வாழ்நாள் முழுவதும், அங்கேயே தங்கினர். அவர்களுள் இசைத்திறன் உடையவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு "பாடகர் குழுப் பெண்கள்" என்னும் பிரிவில் சேர்க்கப்பட்டனர். வெனிஸில் இவ்வாறான இல்லங்கள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றும் தனது இசைக்குழுவைக் கொண்டு ஞாயிறு, திருவிழா நாட்களில் நிகழ்ச்சிகள் நடத்தியது. அவற்றின் மூலம் கிடைத்த நன்கொடை இல்லத்தின் வருவாய்க்கு உதவியது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் பயணிகள் இவ்விசையைக் கேட்க வந்தனர்.

இசைக்கும் பெண்களை அவையோர் நேராகப் பார்க்க முடியாது. அவர்கள் உயரமான மாடங்களில், கம்பித் தட்டிகளுக்குப் பின்னால் இருந்து இசைத்தனர். 1739இல் வெனிஸ் வந்த பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் டி பிரோஸ், இப்பெண்கள் வயலின், புல்லாங்குழல், ஓபோ, செல்லோ, பசூன் என எல்லாக் கருவிகளையும் வாசித்ததையும், எவ்வளவு பெரிய கருவியும் அவர்களை அச்சுறுத்தவில்லை என்பதையும் வியந்து எழுதியுள்ளார். பொதுவாக ஆண்களே வாசித்துவந்த கருவிகள் அவை. தாய் தந்தையர் யாரெனத் தெரியாத இவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாசிக்கும் கருவியே பெயரின் பின்னொட்டாக அமைந்தது. "வயலின் அன்னா மரியா" என்பவர் இவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர். குழந்தைப் பருவம் முதல் 1782இல் இறக்கும் வரை அவர் பியெத்தாவிலேயே வாழ்ந்தார். அவர் வாசித்த வயலின் பகுதிகள் அடங்கிய கைப்படி நூல் ஒன்று இன்றும் உள்ளது. அதில் விவால்டியின் கான்செர்ட்டோக்கள் பல இடம்பெற்றுள்ளன. விவால்டியின் வயலின் இசையில் காணப்படும் துணிச்சலான பாய்ச்சல்களையும் கடினமான விரலசைவுகளையும் பார்க்கும்போது, அவற்றை வாசிக்க வல்லவர்கள் அவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பியெத்தா பெண்கள் இல்லாமல் இவ்விசையில் பெரும்பகுதி எழுதப்பட்டே இருக்காது.

விவால்டிக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 60 டுகாட் ஊதியம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு அது 100 டுகாட்டாக உயர்ந்தது. இல்லத்தின் ஆசிரியர்கள் அனைவரும் ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்பில் தேற வேண்டும். 1709இல் நடந்த வாக்கெடுப்பில் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் விவால்டி வேலையை இழந்தார். 1711இல் அதே குழு ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்தது. 1716இல் அவர் கருவியிசை இயக்குநராக உயர்த்தப்பட்டார். 1723இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவர் மாதம் இரண்டு கான்செர்ட்டோக்களை இல்லத்துக்கு எழுதித் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொற்காசு. ஊரில் இல்லாத நாட்களில் தபாலில் அனுப்பலாம். அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கான்செர்ட்டோக்களுக்கு அவருக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக இல்லத்தின் கணக்கேடுகள் காட்டுகின்றன.

இன்று வெனிஸின் கடற்கரைப் பாதையில் "விவால்டி தேவாலயம்" என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் பியெத்தா தேவாலயத்தின் கட்டுமானம் 1745இல் தொடங்கியது. அதாவது விவால்டி இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் பணியாற்றிய பழைய தேவாலயம் இப்போது இல்லை.

கான்செர்ட்டோ வடிவம்

விவால்டி 1711இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதி (தலைப்பு: "இசையின் உத்வேகம்" எனப் பொருள்படும் லெஸ்ட்ரோ ஆர்மோனிக்கோ) பன்னிரண்டு கான்செர்ட்டோக்களைக் கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியான இசை நூல்களில் இதைப் போலச் செல்வாக்குப் பெற்றது வேறில்லை என்று சொல்லுமளவுக்கு இது ஐரோப்பா எங்கும் பரவியது. இந்நூல் வெனிஸில் அல்லாமல் ஆம்ஸ்டர்டாமில் எஸ்தியென் ரோஜே என்பவரின் பதிப்பகத்தில் அச்சிடப்பட்டது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. வெனிஸில் இசைக் குறிகள் தனித்தனி அச்செழுத்துகளாகக் கோக்கப்பட்டன. இம்முறையில் விரைவான சுரங்களை ஒரே கோட்டால் இணைத்துக் காட்டுவது கடினம். படிப்பவர் திணற வேண்டியிருக்கும். ஆம்ஸ்டர்டாமிலோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறை வழக்கில் இருந்தது. வேகமான வயலின் இசைக்கு இதுவே ஏற்றது. வட ஐரோப்பியச் சந்தையும் கூடவே கிடைத்தது.

விவால்டியின் கான்செர்ட்டோ பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டது: வேகம், மெது, வேகம். வேகமான பகுதிகள் "ரிட்டோர்னெல்லோ" என்னும் முறையில் அமைந்துள்ளன. இச்சொல்லுக்குத் "திரும்பி வருவது" என்று பொருள். முதலில் இசைக்குழு முழுவதும் சேர்ந்து எளிதில் நினைவில் நிற்கும் ஓர் இசைக் கூற்றை வாசிக்கும். அதைத் தொடர்ந்து தனிக் கருவி தன் திறமையைக் காட்டும். மீண்டும் இசைக்குழு அதே கூற்றை, முழுமையாகவோ சுருக்கமாகவோ, இசைக்கும். இவ்வாறு மாறி மாறிச் சென்று இறுதியில் முதற்கூற்றுடனேயே முடியும். நம் கீர்த்தனைகளில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதுடன் இதை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நமது இசையில் ஆதார சுருதி மாறுவதில்லை. இங்கோ, கூற்று திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் வேறு ஆதார சுரத்தில் அமையலாம். கடைசி முறை மட்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஆதார சுரத்தை மாற்றிக்கொண்டு செல்லும் வேலையைப் பெரும்பாலும் தனிக் கருவி செய்கிறது. புறப்பட்டுச் சென்று வீடு திரும்பும் உணர்வு கேட்பவருக்கு ஏற்படுவது இதனால்தான்.

இந்த அமைப்பு விவால்டியின் கண்டுபிடிப்பு என்று கூறிவிட முடியாது. ஜியூசெப்பே தொரெல்லி, தொமாசோ அல்பினோனி ஆகியோர் இவருக்கு முன்னரே இத்திசையில் எழுதியுள்ளனர். சிதறிக் கிடந்த கூறுகளை ஒன்றுசேர்த்து, மற்றவர்கள் பின்பற்றத்தக்க தெளிவான வடிவமாக ஆக்கியதே விவால்டியின் பங்களிப்பாகும்.

அவ்வாறு பின்பற்றியவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த யொஹான் செபாஸ்டியன் பாக் தலையாயவர். வைமாரில் பணிபுரிந்த காலத்தில் பாக், மூன்றாம் தொகுதியிலிருந்து ஐந்து கான்செர்ட்டோக்களை ஆர்கன், ஹார்ப்சிகார்ட் ஆகிய கருவிகளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். பிற்காலத்தில், நான்கு வயலின்களுக்கான கான்செர்ட்டோ ஒன்றை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கானதாக மாற்றினார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. விவால்டியின் பெயர் 19ஆம் நூற்றாண்டில் முற்றாக அழிந்துவிடாமல் காத்தது பாக்கின் இந்தப் படிகளே.

நான்கு பருவங்கள்

1725இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான எட்டாம் தொகுதியின் தலைப்பு "இசையமைதிக்கும் புனைவாற்றலுக்கும் இடையிலான போட்டி" என்று பொருள்படும். பொஹீமியப் பிரபு வென்செல் மோர்சினுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இத்தொகுதியில் உள்ள பன்னிரண்டு கான்செர்ட்டோக்களில் முதல் நான்கும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் எனப் பெயரிடப்பட்டுள்ளன. நூல் வெளிவரும் முன்பே மோர்சின் இவற்றைக் கேட்டு மகிழ்ந்திருந்தார் என்பது அர்ப்பணிப்பு உரையிலிருந்து தெரிகிறது.

ஒவ்வொரு கான்செர்ட்டோவுக்கும் பதினான்கு வரிகள் கொண்ட சொனெட் வகைக் கவிதை ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. எழுதியவர் பெயர் குறிப்பிடப்படவில்லை. விவால்டியே எழுதியிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். கவிதை வரிகளுக்கு அகரவரிசைக் குறியீடுகள் இடப்பட்டு, அதே குறியீடுகள் இசைத்தாளில் உரிய இடத்தில் அச்சிடப்பட்டுள்ளன. ஆகவே எந்த இடத்தில் எந்தக் காட்சி வருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

வசந்தத்தின் மெதுவான பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தனி வயலினின் நீண்ட இன்னிசை, உறங்கும் ஆட்டிடையனைக் குறிக்கிறது. மற்ற வயலின்களின் மெல்லிய அசைவு இலைகளின் சலசலப்பு. இவற்றினூடே வியோலா மட்டும் இரண்டிரண்டு சுரங்களாக முரட்டுத்தனமாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அது இடையனின் நாய் குரைப்பது. மூன்று காட்சிகளும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்றை ஒன்று மறைப்பதில்லை. கோடையில் வெப்பத்தால் சோர்ந்த மனிதரும் கால்நடையும், குயிலும், ஈக்களும், இறுதியில் பயிரை அழிக்கும் புயலும் வருகின்றன. வசந்தத்தை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்குக் கோடையின் கடுமை வியப்பளிக்கும். நான்கில் இதுவே மிகச் சிறந்தது என்று சொல்வதற்கு இடமுண்டு. இலையுதிர்காலம் அறுவடைக் கொண்டாட்டத்தையும், குடித்து மயங்கியவர்களின் உறக்கத்தையும், வேட்டையையும் காட்டுகிறது. குளிர்காலத்தில் பற்கள் தந்தியடிப்பதும், கணப்பருகே அமர்ந்திருப்பவர் வெளியே மழை பெய்வதைக் கேட்பதும், பனிக்கட்டி மீது நடப்பவர் வழுக்கி விழுவதும் இசையாகின்றன. மழைத்துளிகளுக்காக வயலின்கள் வில்லை விடுத்து விரல்களால் தந்திகளைச் சுண்டுகின்றன.

ஓப்பராவும் பூசல்களும்

விவால்டியின் காலத்தில் ஓர் இசையமைப்பாளருக்குப் பணமும் புகழும் தரக்கூடிய துறை ஓப்பராவே. அவரது முதல் ஓப்பரா 1713இல் விசென்சா நகரில் அரங்கேறியது. அதன் பின்னர் வெனிஸின் சான்ட் ஆஞ்செலோ அரங்கில் இசையமைப்பாளராக மட்டுமன்றி, பாடகர்களை அமர்த்துவது முதல் வரவு செலவு பார்ப்பது வரை செய்யும் நிர்வாகியாகவும் இருந்தார். தாம் 94 ஓப்பராக்கள் இயற்றியதாக 1739இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஏறத்தாழ ஐம்பதின் பெயர்களே அறியப்பட்டுள்ளன. எனவே அது மிகைக் கூற்றாகவோ, பிறர் படைப்புகளைத் திருத்தியமைத்ததையும் சேர்த்த கணக்காகவோ இருக்க வேண்டும்.

1720இல் "நாகரிக நாடக அரங்கு" என்ற பொருளில் அமைந்த தலைப்புடன் ஓர் அங்கத நூல் வெனிஸில் வெளியானது. ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் பெனதெத்தோ மார்ச்செல்லோ என்னும் பிரபுகுல இசையமைப்பாளர். அட்டைப் படத்தில் ஒரு படகின் பின்புறத்தில் குருவானவரின் தொப்பி அணிந்த தேவதை வயலின் வாசித்துக்கொண்டு நிற்கிறது. விவால்டியின் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி "அல்டிவிவா" என்றும் அச்சிடப்பட்டிருந்தது. வெனிஸ் நகரின் இசைக் கல்லூரி இன்று மார்ச்செல்லோவின் பெயரையே தாங்கி நிற்கிறது. அன்னா மரியாவின் வயலின் கைப்படி நூல் இருப்பதும் அதே கல்லூரியின் நூலகத்தில்தான்.

நாடக ஆசிரியர் கார்லோ கோல்தோனி 1735இல் இளைஞராக இருந்தபோது, கிரிசெல்டா என்ற ஓப்பராவின் பாடல் ஒன்றை மாற்றியமைக்க விவால்டியிடம் அனுப்பப்பட்டார். இந்த இளைஞனால் என்ன செய்ய முடியும் என்று விவால்டி அலட்சியமாக நடத்தினாராம். கோல்தோனி அங்கேயே ஒரு மூலையில் அமர்ந்து கால் மணி நேரத்தில் பாடலை எழுதிக் கொடுக்க, விவால்டி கையிலிருந்த செபநூலை வீசிவிட்டு அவரைக் கட்டித் தழுவினார் என்று கோல்தோனி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதால் சற்று மெருகேறியிருக்கலாம்.

அந்தப் பாடல் அன்னா ஜிரோ என்ற பாடகிக்காக எழுதப்பட்டது. மான்டுவாவைச் சேர்ந்த இவர் விவால்டியின் மாணவி. அவரது பல ஓப்பராக்களில் முதன்மைப் பாத்திரங்களில் பாடியவர். இவரும் இவருடைய சகோதரி பவோலினாவும் விவால்டியின் பயணங்களில் உடன் சென்றனர். குருவானவர் ஒருவர் இவ்வாறு நடந்துகொள்வது வம்புப் பேச்சுக்கு இடமளித்தது. தங்களுக்கிடையே தகாத உறவு எதுவும் இல்லை என விவால்டி உறுதியாக மறுத்தார். அதற்கு மாறான சான்று எதுவும் இல்லை. எனினும் 1737 நவம்பரில், பெரும் பணத்தைக் கொட்டி ஃபெராரா நகரில் ஓப்பராப் பருவம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்த வேளையில், அந்நகரின் பேராயர் கர்தினால் ருஃபோ அவர் ஊருக்குள் வரத் தடை விதித்தார். திருப்பலி நிறைவேற்றாத குரு என்பதும், ஜிரோவுடனான நட்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. தமது மார்பு நோயைப் பற்றி விவால்டி விளக்கி எழுதிய கடிதம், இத்தடை தொடர்பாகப் பிரபு பென்டிவோலியோவுக்கு எழுதப்பட்டதே. தடை நீக்கப்படவில்லை.

இறுதி ஆண்டுகள்

1728இல் புனித உரோமைப் பேரரசர் ஆறாம் சார்லசை விவால்டி சந்தித்தார். பேரரசர் தம் அமைச்சர்களிடம் இரண்டு ஆண்டுகளில் பேசுவதைவிட விவால்டியிடம் இரண்டு வாரங்களில் அதிகம் பேசினார் என்று அக்காலத்தவர் ஒருவர் குறிப்பிட்டுள்ளார். ஆனால் 1730களில் வெனிஸின் ரசனை மாறத் தொடங்கியது. நேபிள்ஸ் நகரப் பாணி ஓப்பராக்கள் மேலோங்கின. வெளியூரார் பெரிதும் மதிக்கும் விவால்டியை உள்ளூரார் பழையவராகக் கருதுவதை டி பிரோஸ் வியப்புடன் பதிவு செய்துள்ளார். ஒரு கான்செர்ட்டோவை எழுத்தர் படியெடுப்பதைவிட வேகமாகத் தம்மால் இயற்ற முடியும் என்று விவால்டி அவரிடம் பெருமையாகக் கூறினாராம்.

1740இல் பல கான்செர்ட்டோக்களைப் பியெத்தாவுக்கு விற்றுவிட்டு விவால்டி வியன்னாவுக்குப் புறப்பட்டார். பேரரசரின் ஆதரவை எதிர்பார்த்தே சென்றிருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் ஆறாம் சார்லஸ் திடீரென்று இறந்துபோனார். துக்கம் காரணமாக அரங்குகள் மூடப்பட்டன. வாரிசுரிமைப் போரும் மூண்டது. ஆதரவின்றி அந்நிய நகரில் தங்கியிருந்த விவால்டி 1741 ஜூலையில், சேணம் செய்பவர் ஒருவரின் விதவைக்குச் சொந்தமான வீட்டில், "உள்ளழற்சி"யால் இறந்தார். ஜூலை 28 அன்று மருத்துவமனைக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் மிகக் குறைந்த செலவில் அடக்கம் செய்யப்பட்டார். சிறுவனாக இருந்த ஜோசப் ஹைடன் அந்த இறுதிச் சடங்கில் பாடினார் என்று பல நூல்களில் காணப்படும் செய்தி சரியன்று; அச்சடங்கில் பாடகர் குழுவே இடம்பெறவில்லை. கல்லறை இப்போது இல்லை. அவ்விடத்தில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடம் உள்ளது. ஒரு காலத்தில் ஐம்பதாயிரம் டுகாட்டுகளுக்கு மேல் ஈட்டியவர் ஊதாரித்தனத்தால் வறியவராக இறந்தார் என்று வெனிஸ் நகரக் குறிப்பேடு ஒன்று இவரைப் பற்றிக் கூறுகிறது. பேரரசரின் மரணத்தை அக்குறிப்பு கணக்கில் கொள்ளவில்லை.

கையெழுத்துப் படிகளின் மீட்பு

1926இல், இத்தாலியின் பியெட்மான்ட் பகுதியில் சலேசியன் சபையினர் நடத்திய பள்ளி ஒன்று, தன்னிடம் இருந்த பழைய இசை நூல்களை விற்றுப் பணம் திரட்ட விரும்பியது. அவற்றின் மதிப்பைக் கணிக்குமாறு தூரின் தேசிய நூலகத்தை அணுகியது. நூலக இயக்குநர் லூயிஜி தோர்ரி இப்பணியை தூரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்தோ ஜென்டிலியிடம் ஒப்படைத்தார். பெட்டிகளைத் திறந்த ஜென்டிலி, அவற்றில் பதினான்கு தொகுதிகள் விவால்டியின் கையெழுத்துப் படிகள் என்பதைக் கண்டார்.

நூலகத்திடம் அவற்றை வாங்கப் பணம் இல்லை. பொது ஏலத்துக்கு வந்தால் தொகுப்பு சிதறிவிடும். எனவே செய்தி இரகசியமாக வைக்கப்பட்டது. ரொபெர்தோ ஃபோவா என்ற தூரின் நகரச் செல்வர் 1927இல் தொகுப்பை விலைக்கு வாங்கி, இறந்துபோன தம் கைக்குழந்தை மவ்ரோவின் நினைவாக நூலகத்துக்கு அளித்தார். தொகுதிகளை ஆராய்ந்த ஜென்டிலி, அவை ஒரு பெரிய தொகுப்பின் பாதி மட்டுமே என்பதை உணர்ந்தார். தொகுப்பு ஒரு காலத்தில் ஜெனோவாவின் துராட்சோ பிரபு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, 1893இல் இரு சகோதரர்களுக்கிடையே பிரிக்கப்பட்டது என்பது தெரியவந்தது. மறுபாதியை வைத்திருந்த முதிய பிரபு எளிதில் இணங்கவில்லை. பேச்சுவார்த்தை நீண்டது. 1930இல் பிலிப்போ ஜியோர்தானோ என்ற ஆலை உரிமையாளர் அதனை வாங்கி, சிறுவயதில் இறந்த தம் மகன் ரென்சோவின் நினைவாக வழங்கினார். ஒருவரையொருவர் சாராத இரு தந்தையர் அளித்த கொடையால் விவால்டியின் 27 தொகுதிகள், ஏறத்தாழ 450 படைப்புகள், மீண்டும் ஒன்றுசேர்ந்தன. இன்றும் அவை அவ்விரு குழந்தைகளின் பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றன.

1939 செப்டம்பரில் சியேனா நகரில் இசையமைப்பாளர் அல்பிரெதோ கசெல்லா ஒரு விவால்டி வாரத்தை நடத்தினார். வயலின் கலைஞர் ஓல்கா ரட்ஜும் கவிஞர் எஸ்ரா பவுண்டும் இதற்காக உழைத்தனர். இன்று கிறிஸ்தவ உலகெங்கும் பாடப்படும் "குளோரியா" நவீன காலத்தில் முதன்முறையாக இசைக்கப்பட்டது இவ்விழாவில்தான். இவற்றைக் கண்டெடுத்த ஜென்டிலி யூதர் என்பதால், முசோலினி அரசின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களின் கீழ் ஏற்கனவே பல்கலைக்கழகப் பதவியை இழந்திருந்தார்.

போருக்குப் பின்னர் 1947இல் விவால்டி ஆய்வுக்கான இத்தாலிய நிறுவனம் தொடங்கப்பட்டது. ரிக்கோர்தி பதிப்பகம் கருவியிசை முழுவதையும் தொடர்ந்து வெளியிட்டது. டென்மார்க் ஆய்வாளர் பீட்டர் ரியோம் தயாரித்த பட்டியலின் எண்களே இப்போது பயன்படுகின்றன. விவால்டியின் படைப்புகளுடன் காணப்படும் "ஆர்.வி." என்ற எழுத்துகள் இதனைக் குறிக்கும். விவால்டி ஒரே கான்செர்ட்டோவை நூற்றுக்கணக்கான முறை எழுதினார் என்ற கேலி இக்காலத்தில் பரவியது. பசூனுக்கு மட்டும் அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட கான்செர்ட்டோக்களைக் கேட்டவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள்.

அண்மைக் கண்டுபிடிப்புகள்

விவால்டியின் படைப்புகள் 21ஆம் நூற்றாண்டிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. மோதெசூமா என்ற ஓப்பராவின் இசை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கீவ் நகரில் இருந்து பெர்லினுக்குத் திரும்பிய ஆவணங்களிடையே 2002இல் அடையாளம் காணப்பட்டது. டிரெஸ்டன் நூலகத்தில் பல்தசாரே கலுப்பியின் பெயரில் இருந்த "தீக்சித் தோமினுஸ்" என்னும் தேவாலயப் படைப்பு விவால்டியுடையது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜேனிஸ் ஸ்டாகிட் 2005இல் நிறுவினார்.

2010இல் ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு புல்லாங்குழல் கான்செர்ட்டோ கிடைத்தது. அதன் தலைப்பு "பெரிய மொகல்", அதாவது முகலாயப் பேரரசர். பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் பெயரால் அமைந்த நான்கு கான்செர்ட்டோக்களில் இதுவே இந்தியாவுக்கானது. 1759ஆம் ஆண்டின் டச்சு நூல் விற்பனையாளர் பட்டியல் ஒன்றில் மட்டுமே இந்நான்கின் பெயர்களும் காணப்பட்டன. விவால்டி இந்திய இசையைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அன்றைய வெனிஸில் "மொகல்" என்ற சொல் தொலைதூரச் செல்வச் செழிப்பை நினைவூட்டும் ஒரு சொல்லாகவே இருந்தது. இந்தக் கான்செர்ட்டோ 2011 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் மீண்டும் இசைக்கப்பட்டது. மற்ற மூன்றும் இதுவரை கிடைக்கவில்லை.